ஓரத்துக் கால்கள்

வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். பாஸ்கல் விஷயத்தில் அது பொய்யில்லை. ஈப்போ பழைய பட்டணத்தில் ஒரு சீனத் தவுக்கே முதலாளியின் கடிகாரக் கடை வாசலில், கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, ஊரார் கேமராவையெல்லாம் திறந்து மூடுகிறவன் அவன். ஷட்டர் இறுகிப்போனது, லென்ஸில் பூஞ்சை பிடித்தது, கீழே விழுந்து வாய் கோணியது, எதுவாக இருந்தாலும் அவன் கையில் ஒழுங்குக்கு வந்துவிடும். ஆனால் சனி, ஞாயிறுகளில் கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று தோட்டம் தோட்டமாகப் போய்ப் படம் எடுக்க அவனே தோளில் மாட்டிக்கொண்டு திரியும் மடக்குக் கேமராவை மட்டும் அவன் திறந்து பார்த்ததே இல்லை. அதில் படங்கள் ஒன்றோடொன்று நெருங்கி விழ ஆரம்பித்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. 'பாக்கலாம்லா' என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான். அது ஒரு பெண்ணின் வாழ்க்கையில் போய் முட்டும் என்று அவன் கண்டானா?

எழுபத்தெட்டாம் வருஷம். பெண்ணின் பெயர் மங்களம். அடுத்த வீட்டு முத்தம்மாவின் ஒரே மகள். ரப்பர்த் தோட்டம் கைமாறியபோது முத்தம்மாவின் குடும்பமும் பாஸ்கலின் குடும்பமும் ஒரே லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டு புந்தோங்குக்கு வந்தவர்கள். முத்தம்மா கணவனை இழந்து, சீனன் சாப்பாட்டுக் கடையில் மங்கு, தட்டு கழுவி மகளை வளர்த்தாள். மங்களத்தைச் சுங்காய்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொடுத்தார்கள். மாப்பிள்ளை ராஜு, எண்ணெய் ஆட்டும் செம்பனைப் பழம் ஏற்றும் லாரி ஓட்டுகிறவன், நல்ல பையன். மாமியார் கருப்பம்மாள் இன்னமும் ரப்பர்ப் பாலுக்காகப் பால்மரம் வெட்டுகிறவள். கல்யாணத்துக்குப் படம் எடுத்தது பாஸ்கல்தான். வேறு யாரையாவது கூப்பிட்டிருந்தால் அவனே சண்டைக்குப் போயிருப்பான்.

வினை அங்கேதான் வந்தது. கல்யாணத்துக்கு முதல் நாள் அவன் ஆயர் தாவாரில் ஒரு சாவு வீட்டில் படம் எடுத்திருந்தான். ஒரு சுருளில் பன்னிரண்டு படம். அங்கே ஐந்தாறுதான் எடுத்தான். மீதியை வீணாக்க மனமில்லை. மறுநாள் சுங்காயில் அதே சுருளில் தொடர்ந்தான். எல்லாப் படக்காரர்களும் செய்கிற காரியம்தான் இது. ஃபிலிமைக் கழுவிய பிறகு நடுவில் இருக்கும் வெற்றிடத்தில் கத்திரி வைத்தால் சாவு ஒரு பக்கம், கல்யாணம் ஒரு பக்கம். யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் கத்திரி வைக்க வெற்றிடம் இருக்க வேண்டுமே.

சாவு வீட்டின் கடைசிப் படமும் கல்யாணத்தின் முதல் படமும் ஒரு விரற்கடை ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. எங்கே வெட்டினாலும் யாருக்காவது குறை. பாஸ்கல் கல்யாணத்துக்குக் குறை வைக்காமல் வெட்டினான். பெரிதாகப் போட வேண்டியவற்றைப் பொறுக்கித் தர, வழக்கம்போலத் தீப்பெட்டி அளவில் சின்னப் படங்கள் போட்டுச் சுங்காய்க்குக் கொடுத்தனுப்பினான். இந்தச் சின்னதில் என்ன தெரியப் போகிறது என்று நினைத்தான்.

விடியாத இருட்டில் மரப்பட்டையில் பழைய வெட்டு எது, புது வெட்டு எது என்று பார்த்துப் பழகிய கண் கருப்பம்மாளுக்கு. அந்த முதல் படத்தில் மங்களம் மாமியாரின் காலில் விழுந்து கும்பிடுகிறாள். ஓரத்தில் கருப்பம்மாள் நிற்கிறாள். அவளுடைய கால் இருக்கும் இடத்தில், அதன்மேல், வேறு இரண்டு கால்கள். பெருவிரல் இரண்டையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டிய கால்கள்.

மறுவீட்டுக்கு அம்மா வீடு வந்திருந்த மங்களத்தைத் திரும்ப அழைத்துப் போக யாரும் வரவில்லை. 'புள்ள அங்கயே இருக்கட்டும்' என்று மட்டும் சொல்லியனுப்பினார்கள். பாஸ்கல் பதறிப்போய், அது கழுவும்போது விழுந்த தண்ணீர்க் கறை என்று ஆள் அனுப்பினான். 'தண்ணிக் கறைக்கு வெரல் இருக்குமான்னு கேட்டு வா' என்று கருப்பம்மாள் அதே ஆளைத் திருப்பி அனுப்பினாள்.

சில வாரங்கள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நல்ல மழை. முத்தம்மா தலையில் பிளாஸ்டிக் தாளைக் கவிழ்த்துக்கொண்டு பாஸ்கல் வீட்டுக்குள் வந்தாள். அவன் மனைவி ஆலிஸ் கோப்பி ஊற்றிக் கொடுத்தாள். முத்தம்மா அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"தம்பி, இன்னும் மனசு மாறலயாம் அந்தம்மாவுக்கு. அடுத்த மாசம் பாப்போம்னு சொல்லுதாம்."

"அடுத்த மாசம் என்னாக்கா மாறப் போவுது?" என்றாள் ஆலிஸ்.

"அது தெரிஞ்சா நான் ஏன் இப்பிடி அலையுறேன்? ரெண்டே புடவயோட வந்த புள்ள. மாத்தி மாத்தி அதத்தான் தொவச்சுப் போடுது. பக்கத்து வூட்டுக்காரிங்க கொடியப் பாத்தே கணக்குப் போட்டுட்டாளுங்க."

பாஸ்கல் தலையைக் குனிந்துகொண்டான். அந்தப் பெண் பிறந்தபோது தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு மருத்துவச்சியைத் தேடி ஓடியவன் அவன். இன்று அவள் வாழாமல் வந்து உட்கார்ந்திருப்பதற்கும் அவனே காரணம் என்றால் எப்படிச் சோறு இறங்கும்?

முத்தம்மா போனதும் ஆலிஸ் பிடித்துக்கொண்டாள்.

"தண்ணிக் கறன்னு சொன்னீங்களே, நாக்கு கூசல?"

"வேற என்னத்தச் சொல்ல? சாவுக்கு எடுத்த சுருள்லயே ஒங்க கல்யாணத்தயும் எடுத்தேன்னு சொல்லவா? வெட்டிப் போட்ருவாங்க."

"மெசினுதான் கெட்டுப் போச்சுன்னு ஒங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?"

அதுதான் அவனுக்கும் நிச்சயமில்லை. மாதா கோவிலுக்குப் போகிற, பூசை தவறாத ஆள்தான். இருந்தாலும் இத்தனை படங்களில் அந்த இரண்டும் போய் ஏன் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்ற கேள்வி அவனை அரித்துக்கொண்டிருந்தது. திறந்து பார்த்து, உள்ளே எல்லாம் சரியாக இருந்துவிட்டால்? அந்தப் பயத்தில்தான் இத்தனை நாளும் திருப்புளியை எடுக்கவில்லை. இதை அவன் ஆலிஸிடம்கூடச் சொல்லவில்லை. ஆனால் அவளுக்குத் தெரியாதா என்ன?

மறுநாள் சனிக்கிழமை, படம் எடுக்க எங்கும் போகாமல், சமையலறை மேசையில் பழைய வெள்ளை வேட்டியை விரித்தான். முதலில் நோயை அளக்க வேண்டும். வீணாய்ப்போன பழைய சுருள் ஒன்றை உள்ளே மாட்டி, கேமராவின் முதுகைத் திறந்தே வைத்துக்கொண்டான். படம் விழுகிற சதுர ஜன்னலின் நாலு ஓரமும் பென்சிலால் கோடு போட வேண்டும். குமிழைச் சுற்ற வேண்டும். அது தானாகப் பூட்டிக்கொண்டதும் மறுபடி கோடு போட வேண்டும். அவன் கோடு போட்டான், ஆலிஸ் சுற்றினாள்.

"நின்னுருச்சு."

"ம். சுத்து."

"நின்னுருச்சு. என்னாங்க இது, இப்ப அரைச் சுத்துலயே நிக்குது?"

சுருளை உருவி மேசைமேல் நீட்டிப் பார்த்தார்கள். முதல் கட்டத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் நூலிழை இடைவெளி. மூன்றாவது இரண்டாவதின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. நான்காவது ஒழுங்காக எட்டி நின்றது. ஐந்தாவது மறுபடி ஏறியது. கள்ளுக்கடையிலிருந்து வீடு திரும்புகிறவன் நடைபோல இருந்தது.

பாஸ்கல் மேல்மூடியின் திருகாணிகளைக் கழற்றி ஒவ்வொன்றாகச் சாசரில் வைத்தான். உள்ளே, ஒரு படத்துக்கு இவ்வளவு தூரம் என்று அளக்கிற பல்சக்கரம் ஒன்று உண்டு. படம் எடுத்து முடிந்ததும் அது சடக்கென்று பின்வாங்கி முதலிடத்துக்கு வந்துவிட வேண்டும். அங்கேயிருந்துதான் அடுத்த படத்துக்கு அளவு. பாதி வழியில் நின்றுவிட்டால் அந்த அளவுக்கு ஃபிலிம் குறைவாக நகரும். குமிழ் சீக்கிரமே பூட்டிக்கொள்ளும். அவன் விரல் நகத்தால் சக்கரத்தைத் தள்ளிவிட்டான். அது சடக்கென்று வரவில்லை. தோட்டத்தில் விடியற்காலை பெயர் கூப்பிடும் பிரட்டுக்குத் தாமதமாகிப் பதுங்கிப் பதுங்கி வரும் ஆள்போல மெதுவாக வந்து, நடுவிலேயே நின்றுவிட்டது.

விளக்கை இழுத்துப் பிடித்தான். சக்கரத்தின் பல்லிடுக்குகளிலும், அதை இழுக்கும் முடிக்கம்பிச் சுருளிலும் சாம்பல் நிறத்தில் ஏதோ பசை அப்பிக் கிடந்தது.

"என்னாது, அழுக்கா?" என்றாள் ஆலிஸ்.

"அழுக்கு இப்பிடி இருக்காதே. கூழு மாதிரி இருக்கு."

ஆலிஸ் ஊசிமுனையில் கொஞ்சம் எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தாள். மூக்கருகே கொண்டு போனாள். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

"இது தவிடுலா."

ஈப்போ மழைக்கு லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கக் கேமராவை அரிசிக்குள் புதைத்து வைப்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழி. ஈரத்தை அரிசி இழுத்துக்கொள்ளும். பாஸ்கலின் கேமராவும் ஒரு துண்டில் சுற்றி ஆலிஸின் அரிசித் தகரத்துக்குள்தான் வாரம் முழுக்கத் தூங்கும். கடை அரிசி இருந்தவரை வம்பில்லை. பாரிட் புந்தாரில் வாக்கப்பட்டிருக்கும் ஆலிஸின் அக்கா எல்ஸி, சின்ன மில்லில் குத்திய புது அரிசி என்று ஒரு மூட்டை அனுப்பியிருந்தாள். சோறு தேனாய் இருந்தது. தவிடு மட்டும் மாவாய்க் கொட்டும். கைவிட்டால் முழங்கைவரை வெள்ளை பூசும்.

"அந்தத் துண்டு என்னாச்சு?" என்றான் பாஸ்கல்.

ஆலிஸ் ஊசியைக் கீழே வைத்தாள். "இட்லி ஊத்த எடுத்தேன். அரிசிதானே, சுத்தமா இருக்குன்னு அப்பிடியே வச்சிட்டேன்."

"ஆக, எல்லாம் ஒன்னால வந்தது."

"இருங்க. தவிடு சரி. இந்த எண்ணெ எங்கேருந்து வந்துச்சு? தவிடு தானா பிசைஞ்சுக்கிருமா?"

இப்போது பாஸ்கலின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். குமிழ் கொஞ்சம் இறுகுகிறதே என்று, திறந்து பார்க்கச் சோம்பல்பட்டு, தையல் மெஷின் எண்ணெயைத் திருகாணித் துளைவழியே தாராளமாக விட்டவன் அவன்தான். கடைக்கு வருகிறவன் யாராவது அப்படிச் செய்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பான்.

"தவிடு என்னோடது, எண்ணெ ஒங்களோடது," என்றாள் ஆலிஸ். "கொஞ்சம் வெல்லமும் போட்டுருந்தா பணியாரம் சுட்டுருக்கலாம்."

பாஸ்கலுக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியாத சிரிப்பு. கண்ணில் நீர் வந்த பிறகுதான் அது வெறும் சிரிப்பு இல்லை என்று அவனுக்கே தெரிந்தது. நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லைப் புரட்டிப் போட்டதுபோல இருந்தது. பேயும் இல்லை, சகுனமும் இல்லை. தவிடு, வெறும் தவிடு! அவன் சிலுவை போட்டுக்கொண்டான். ஆலிஸும் போட்டுக்கொண்டாள்.

மத்தியானம்வரை வேலை ஓடியது. லைட்டருக்கு ஊற்றும் பெட்ரோலில் தூரிகையை நனைத்து நனைத்துப் பசையைக் கரைத்தான். பல்லிடுக்குகளைப் பல்குச்சியால் சுரண்டினான். முடிக்கம்பிச் சுருளைத் தனியே எடுத்துப் பெட்ரோலில் அலசி, மூச்சுக்கூடப் பலமாக விடாமல் திரும்ப மாட்டினான். காய்ந்ததும் அச்சில் மட்டும் ஊசிமுனையளவு எண்ணெய் வைத்தான். சக்கரத்தைத் தள்ளினால் சடக்கென்று வந்து நின்றது. மறுபடி பழைய சுருளைப் போட்டு இருவரும் கோடு போட்டார்கள். இந்த முறை கட்டங்கள், தோட்டத்தில் நிரை பிடித்து நட்ட கன்றுகள்போல, ஒரே இடைவெளியில் நின்றன.

அதோடு விடவில்லை. புதுச் சுருள் போட்டுக் கொல்லையில் கோழி, வாழை, ஆலிஸ் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தான். வேலியோரம் பானை விளக்கிக்கொண்டிருந்த மங்களத்தின் பக்கம் திருப்பியபோது அவள் கையைக் காட்டி மறைத்தாள்.

"என்னைய எடுக்காதீங்க மாமா. மெசினு சரியாயிருச்சா?"

"ஆயிருச்சும்மா. நாளைக்கு நானே சுங்காய்க்குப் போய்ப் பேசுறேன்."

"பேசுங்க. சரிவரலன்னா நான் பேக்டரிக்கே திரும்ப வேலைக்குப் போறேன். ஒக்காந்து அழுதுட்டிருக்க மாட்டேன்." பானையை அழுத்தித் தேய்த்தாள். "அத்தைக்குப் பயம். அது எனக்குப் புரியுது. அவரு ஒரு வார்த்த பேசலயே மாமா, அதத்தான் தாங்க முடியல."

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் பாஸ்கல் கேமராவோடு பஸ் ஏறினான். ஆலிஸ் வாசல்வரை வந்து, "எல்லாத்தையும் சொல்லணும். ஆயர் தாவாரையும் சேத்து," என்று சொல்லித்தான் விட்டாள். அவன் தலையாட்டினான். மெஷினை விளக்கினாலே போதும், பிணத்தின் கதை எதற்கு என்பது அவனுடைய எண்ணம். தாப்பா, பீடோர் தாண்டிச் சுங்காயில் இறங்கி, தோட்டத்துக்குள் நடந்தான். ஒரு பக்கம் பழைய பால்மரங்கள். மறுபக்கம் மரத்தைச் சாய்த்துவிட்டு நட்ட செம்பனை, இப்போதுதான் முழங்கால் உயரம்.

வரிசையாக இருந்த லயத்து வீடுகளில் ஒன்றின் வாசலில் ராஜு மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தான். பாஸ்கலைப் பார்த்ததும் வாளியைப் போட்டுவிட்டு, "வாங்கண்ணே," என்றான். மறுபடி மோட்டார் சைக்கிளின் பக்கம் திரும்பிக்கொண்டான். உள்ளே கருப்பம்மாள் மரவள்ளிக் கிழங்கை அவித்து இறக்கியிருந்தாள்.

"வாங்க தம்பி. மொத பசியாறுங்க. அப்புறம் பேசலாம்."

கோபமாக இருக்கிறவள் கிழங்கும் நெத்திலிச் சம்பாலும் வைப்பாளா? பாஸ்கலுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. தின்று முடித்துக் கையைக் கழுவி, முந்தின இரவு கழுவிய புது ஃபிலிம் சுருளை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான். பல்சக்கரத்தைச் சொன்னான், தவிட்டைச் சொன்னான், எண்ணெயைச் சொன்னான். ஆலிஸின் பணியாரத்தைக்கூடச் சொன்னான். கருப்பம்மாள் ஒன்றுவிடாமல் கேட்டாள்.

"சரி தம்பி. மெசினுல தவிடு. நம்புறேன். ஆனா ஒண்ணு சொல்லுங்க. பன்னெண்டு படத்துல மத்ததுல ஒட்டாத காலு, என் காலுல மட்டும் வந்து ஏன் ஒட்டணும்?"

பாஸ்கல் ஃபிலிமைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அவனிடம் இருந்த சாமானெல்லாம் அதோடு தீர்ந்துவிட்டது.

"அந்தப் புள்ள மேல எனக்கென்ன கோவம்?" என்றாள் கருப்பம்மாள். குரல் தணிந்துவிட்டது. "தங்கமான புள்ள. அது இந்த வாசப்படி மிதிச்சா நான் போய்ச் சேந்துருவேனோன்னு பயமா இருக்கு தம்பி. மரம் வெட்டுறப்ப எடது கை மரத்துப் போவுது. முன்னாடியும் மரத்துப் போகும், நான் சட்ட பண்ணதில்ல. இப்ப ஒவ்வொரு தடவயும் அந்தக் காலு ஞாபகம் வருது. இவனுக்கு அப்பனும் இல்ல. நானும் போயிட்டா?"

வாசலில் தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றிருந்தது. ராஜு அங்கேயே நிற்கிறான் என்று பாஸ்கலுக்குத் தெரிந்தது.

"யாரு பொணம் தம்பி அது? அதையாச்சும் சொல்லுங்க. தூக்குல தொங்குனதோ, லாரில அடிபட்டதோ, எந்தப் பாவியோன்னு நெனச்சு நெனச்சே நான் பாதியாயிட்டேன்."

இனி மறைத்து என்ன ஆகப் போகிறது? பாஸ்கல் சொல்லிவிட்டான்.

"ஆயர் தாவாருல ஒரு பெரியவருக்கா. அப்பாவுன்னு பேரு. மொத நாளு அங்க எடுத்தேன். மிச்ச சுருள்ல ஒங்க வூட்டுக் கல்யாணத்த எடுத்தேன். தப்புதான். மன்னிச்சிருங்க."

"எப்பிடிச் செத்தாரு?"

"வயசாகித்தான். தொண்ணூத்தி நாலுன்னாங்க. காலைல கஞ்சி குடிச்சிட்டு வெத்தல கேட்டாராம். மருமக இடிச்சிக் கொண்டாறதுக்குள்ள, சாஞ்ச மேனிக்கே போயிட்டாராம்."

"படுக்கைல கெடக்கலயா?"

"ஒரு நாளு கெடக்கல."

"பேரப்புள்ளைங்க?"

"நெய்ப்பந்தம் புடிக்க எடமில்ல அக்கா. அவ்ளோ பேரு. கொள்ளுப்பேரன், கொள்ளுப்பேத்தி எல்லாம் இருக்கு. தப்பு அடிச்சு, பட்டாசு வெடிச்சு, வூடே திருவிழா மாதிரி. அழுறதுக்கு ஆளில்ல. அவரு கட்டியிருந்த வேட்டியக் கிழிச்சு ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துட்டுப் போயிட்டாங்க."

கருப்பம்மாள் எழுந்துவிட்டாள். முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள்.

"தம்பி! அது கல்யாணச் சாவுலா!"

பாஸ்கல் திகைத்துப் போனான். கல்யாணம் ஒன்று, சாவு ஒன்று, இரண்டும் ஒட்டக் கூடாது என்றுதான் அவன் இத்தனை நாளும் தவித்தான். அந்த இரண்டையும் ஒட்டி ஒரே சொல்லாகப் பெரியவர்கள் என்றைக்கோ சொல்லிவைத்திருக்கிறார்கள். அவனும் அறியாத சொல்லா? பயத்தில் மறந்துபோயிற்று.

"இத மொதல்லயே சொல்லக் கூடாதா? தண்ணிக் கறங்கிறீங்க, தவிடுங்கிறீங்க! அந்த மாதிரி சாவுல ஒரு முழத் துணி கெடைக்காதான்னு சனம் அடிச்சிக்கும். எனக்கு அவரு காலே வூடு தேடி வந்துருக்கு." கருப்பம்மாள் அந்தத் தீப்பெட்டிப் படத்தைச் சாமி மாடத்திலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். பயந்த பொருளை அங்கேதான் வைத்திருந்தாள். "அப்ப எம் மருமக என் காலுலயும் விழுந்துருக்கு, அவரு காலுலயும் விழுந்துருக்கு. எனக்கும் தொண்ணூறுக்குக் கொறையாதுன்னு சொல்லுங்க."

"கொறையாதுக்கா," என்றான் பாஸ்கல். இந்த நேரத்தில் அவள் நூற்றிருபது கேட்டாலும் கொடுத்திருப்பான்.

"இதப் பெருசாப் போட்டுக் குடுங்க. அந்தக் காலு வெட்டுப்படக் கூடாது, சொல்லிட்டேன். டேய் ராஜு, நாளைக்கோ மறுநாளோ லீவு போட்டுட்டு..."

வாசலில் மோட்டார் சைக்கிள் உறுமியது.

"எங்கடா கெளம்புற?"

"அண்ணனைக் கொண்டு போய் வுட்டுட்டு வாரேன்மா!"

ஈப்போவரை ராஜு அந்த அண்ணனோடு பேசிய வார்த்தைகளை விரல்விட்டு எண்ணலாம். கம்பாரில் மழை பிடித்தது. நிற்கலாமா என்று பாஸ்கல் கத்தியதை அவன் காதில் வாங்கவில்லை. கேமராவைச் சட்டைக்குள் போட்டு அணைத்துக்கொண்டு, நனைந்த கோழியாக பாஸ்கல் புந்தோங்கில் இறங்கினான். இறங்கியதும் இறங்காததுமாக வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே ஆலிஸுக்கும் முத்தம்மாவுக்கும் எல்லாவற்றையும் கொட்டினான். முத்தம்மா தரையிலேயே உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஆலிஸ் அவள் முதுகைத் தடவிக்கொண்டே கணவனைப் பார்த்தாள். நான் சொன்னேன்ல என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

மங்களம் வாசல்படியில் வந்து நின்றாள். ராஜு மழைத்தண்ணீர் சொட்ட முற்றத்தில் நின்றான். உள்ளே வா என்று அவள் சொல்லவில்லை.

"ஒண்ணு கேக்குறேன். பதில் சொல்லிட்டுக் கூட்டிட்டுப் போங்க," என்றாள். "இத்தன நாளு வாயத் தொறக்கலயே, பொணத்துக்குப் பயந்தீங்களா, ஒங்க அம்மாவுக்குப் பயந்தீங்களா?"

ராஜு பாஸ்கலைப் பார்த்தான். பாஸ்கல் அவசரமாகக் கேமராவைத் துடைக்க ஆரம்பித்தான். ராஜு அவளைப் பார்த்தான்.

"அம்மாவுக்கு."

மங்களம் நிலையிலிருந்து கையை எடுத்தாள். பிறகு அவள் உதடு மெல்லக் கோணி, சிரிப்பாயிற்று.

"தொண்ணூறு வரைக்கும் இருப்பாங்களாம்ல. சீக்கிரம் பழகிக்கங்க," என்றாள். "மழைல நிக்காதீங்க. உள்ள வாங்க, பைய எடுத்துட்டு வாரேன்."